ஆறு இலக்கம்

மணி ஒன்பது ஐம்பது. ஊரில் பதினொன்று இருபது.
பன்னிரண்டு அடித்தால் அஃப்ரினுடைய செமஸ்டர் பணத்துக்கு
அபராதம் ஏறிவிடும்.
சஜா கேம்ப், இருநூற்றுப் பதினாலாம் அறை, மேல்கட்டில்.
இங்கே மட்டும்தான் வைஃபை இரண்டு கோடு காட்டும்,
அதுவும் ஷஃபிகுல் தன் சீரியலை நிறுத்தினால்.

கட்டைவிரலை வைத்தேன்.
அடையாளம் தெரியவில்லை என்றது போன்.
கைலியில் துடைத்து வைத்தேன், எச்சில் தொட்டு வைத்தேன்.
பதினோரு வருஷமாக டைல்ஸ் ஒட்டுகிறேன்.
கிரவுட்டும் ஆசிட்டும் தின்றது போக
மிச்சம் வழுவழுத்த தோல்.
ஏதாவதொரு மாலின் கழிப்பறைத் தரையில்
என் ரேகை கிடக்கலாம்.
என்னிடம் இல்லை.

சரி, பின் நம்பர். அது மறக்காது:
நிக்காஹ் நடந்த வருஷம்.
வங்கி ஆப் திறந்ததும் அப்டேட் கேட்டது,
நூற்று நாற்பது எம்பி.
கீழ்க்கட்டிலிலிருந்து விஜேஷ் சிரித்தான்:
"பாயி, அது முடியறதுக்குள்ள பெருநாள் வந்துடும்."

பத்து ஏழுக்கு முடிந்தது.
உங்கள் பதிவு செய்த எண்ணுக்கு
ஆறு இலக்கம் அனுப்பியுள்ளோம்.
பதிவு செய்த எண் தொண்டியில் இருக்கிறது,
ரமீஜாவின் தலையணைக்குக் கீழே.
இலக்கத்துக்கு ஆயுள் மூன்று நிமிஷம்.

எழுதினால் அவள் விழிக்கமாட்டாள், மணியடிக்க வேண்டும்.
எல்லாரும் பேசும் ஆப்பில் இந்த ஊரில் எழுதத்தான் முடியும்.
மாதம் ஐம்பது திர்ஹம் பிடுங்கும் ஆப்பில் அழைத்தேன்.
இணைக்கிறது.
இணைக்கிறது.
மீண்டும் இணைக்கிறது.

"நம்பர் வந்துச்சா?"
"அஸ்ஸலாமு அலைக்கும்."
"வ அலைக்கும் ஸலாம், நம்பர்."
காதிலிருந்து எடுத்தால்தான் அவளுக்கு மெசேஜ் தெரியும்.
எடுத்தால் நான் கேட்கமாட்டேன்.
எடுத்தாள். ஃபேன் இரைச்சலுக்குள்ளிருந்து
"நாலு... ஒம்போது... ஒம்ப"
ஒரு ஒன்பதா, ரெண்டா என்று கத்தினேன்.
ரெண்டா, ரெண்டா என்று
என் குரலையே எனக்குத் திருப்பித் தந்தது லைன்.
நேரம் கடந்துவிட்டது. மறுபடி அனுப்பச் சொன்னேன்.
புதியது இறங்கும் முன்னே அவள் பழையதை வாசித்தாள்.
மூன்றாவது முறை சரியாகத்தான் சொன்னாள்,
நான்தான் ஆறுக்குப் பதில் ஒன்பதை அழுத்தினேன்.

பாதுகாப்பு கருதி உங்கள் கணக்கு
இருபத்துநாலு மணி நேரத்துக்குப் பூட்டப்பட்டுள்ளது.
யாரிடமிருந்து என்று சொல்லவில்லை.

அழைப்பு மட்டும் அறுபடவில்லை.
வேலை முடிந்த பிறகு கண்ணாடி மாதிரித் தெளிந்தது குரல்.
"இன்னும் நம்பர் ஏதும் வேணுமா?" என்றாள்.
வேண்டாம் என்றேன்.
பிறகு என்ன பேசுவதென்று இருவருக்கும் தெரியவில்லை.
கேஸ் புக்கிங், ஆதார், கரண்ட் பில்:
நோன்புக்கு முன்னாலிருந்தே நாங்கள்
ஆறாறு இலக்கமாகத்தான் பேசிக்கொண்டிருக்கிறோம்.
"பல்வலி எப்படி இருக்கு?" என்று கேட்டுவைத்தேன்.
"அதப் புடுங்கி ரெண்டு மாசமாச்சு."
ஷஃபிகுல் சீரியலைத் திரும்பப் போட்டான்.
அவள் முகம் அரைவாசியில் உறைந்து,
வாய் ஏதோ சொல்லவந்த மாதிரியே நின்றது.

விடியாத நாலரை. பஸ்ஸுக்கு வரிசையில் நிற்கிறேன்,
அவளிடமிருந்து ஒரு படம்.
வங்கி அனுப்பிய எச்சரிக்கை:
நேற்றிரவு ஷார்ஜாவிலிருந்து அடையாளம் தெரியாத ஒருவர்
உங்கள் கணக்கில் நுழைய முயன்றார்.
அதன் கீழே ரமீஜா கேட்டிருந்தாள்:
"இது நீங்கதானே?"

நான்தான் என்று அடித்து அனுப்பினேன்.
பஸ் வந்தது, ஜன்னலோரம் கிடைத்தது.
எமிரேட்ஸ் ரோட்டில் ஏறும்வரை பார்த்துக்கொண்டே வந்தேன்.
ஒற்றை டிக்.